ஐந்து சங்கிலிக் கப்பல்

சங்கிலி ஒன்றுக்கு அறுபத்தாறு அடி.
கப்பலுக்கு ஐந்து சங்கிலி, இரண்டடி தள்ளுபடி.
அகலம் ஐம்பது.
துரை கொடுத்த காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு
இருகூருக்குக் கிழக்கே
நொய்யல் தண்ணீர் வந்து மூன்று வருஷமான குளத்தில்
முளை அடித்தேன்.

மதுக்கரைச் சுண்ணாம்பு பதினாலு மூட்டை.
சித்திரை வெயிலில் கோடு போட்டு நிமிர்ந்தால்
வெடித்த வண்டல்மேல் டாங்கி ஏற்றும் கப்பல்,
எட்டி நின்று பார்த்தால் கோலம்.
முகப்பு மட்டும் நிஜம்:
பனஞ்சட்டத்தில் இரண்டு கதவு,
மூங்கில் தட்டியில் ஒரு சரிவு.
கடலோ பாலக்காட்டுக் கணவாய்க்கும் அந்தப் பக்கம்.

மராட்டிய அவில்தார் சட்டம் சொன்னான்.
கோட்டுக்கு உள்ளே கப்பல்.
கோட்டுக்கு வெளியே கடல்.
உத்தரவுக்கு முன்னால் காலை வெளியே வைத்தவன் செத்தவன்,
போய் வேலமரத்தடியில் உட்கார வேண்டும்.
முதல் நாள் பதினேழு பேர் செத்தார்கள்.
அந்த மரத்தில் அவ்வளவு நிழல் இல்லை.

சுண்ணாம்புச் சட்டியோடு
அழிந்த கோட்டை மறுபடி போடப் போட
நான் எத்தனை தரம் செத்தேன் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

லாரிகள் பின்புறமாக ஏற வேண்டும்.
கடைசியில் ஏறுவது முதலில் இறங்கும்.
முதலில் இறங்குவது என்ன ஆகும் என்பதை
அவில்தார் சொல்லவில்லை,
வரிசையில் நின்றவர்கள் தாங்களே கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.
மறுநாளிலிருந்து ஏறுவதற்கு ஒரே முண்டியடிப்பு.
கரூர்ப் பக்கத்து டிரைவர் வையாபுரி மட்டும்
பீடியைக் கடைசிவரை இழுத்துவிட்டு
"வண்டி சூடாகோணுமுங்க" என்று
தினமும் கடைசியாக வந்தான்.

எஞ்சினுக்குக் களிம்பு அப்பி
புகைக்குழாயைக் கூரைக்கு மேலே நீட்டி
சொட்டுத் தண்ணீர் இல்லாத குளத்தில்
மெல்ல மெல்ல இறக்கினான்.
பின்னால் சிப்பாய்கள்
துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி
மார்பளவு தண்ணீரில் நடக்கிற நடை நடந்தார்கள்.
முட்டிவரை புழுதி எழுந்தது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ
ராக்கியாத்தாளின் வெள்ளாடுகள்
கப்பலின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயின.
அவில்தார் குதித்தான். அவளிடம் சொல் என்றான்.
சொன்னேன்:
"அம்முணி, நீங்க கடல்மேல நிக்கறீங்களாம்."
குனிந்து பாதத்தைப் பார்த்தாள்.
"ஈரமே காணமுங்களே."

ஒரு ராத்திரி இருகூர் ஸ்டேஷனில்
விளக்கில்லாத ரயில் வந்து எல்லோரையும் கொண்டுபோனது.
கப்பலின் கதவுகள்
யார் வீட்டு இட்டேரிப் படலாகவோ ஆயின.
ஆவணியில் சண்டை நின்றது என்றார்கள்.
ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்து
குளம் கரை தொட்டது.

கார்த்திகையில் மதராஸிலிருந்து கணக்குப் பார்க்க ஒருவர்.
"பதினாலு மூட்டை. கட்டடம் எங்கே?"
"கட்டடமில்லீங்க, கப்பலுங்க" என்று கையை நீட்டினேன்.
ஒன்பதடித் தண்ணீர். ஒரு முக்குளிப்பான்
எஞ்சின் அறை இருந்த இடத்தில் மூழ்கி
கதவுப் பக்கம் எழுந்தது.
அவர் சிவப்பு மையால் சுழித்தார்.
என் சம்பளத்தில் நாலு ரூபாய் போயிற்று.

பிறகுதான் வையாபுரியின் கார்டு.
பாதி எழுத்து நனைந்திருந்தது.

"சண்டை முடிஞ்சும் எறங்கச் சொன்னாங்க.
சுடறதுக்கு அங்க ஆளே இல்லீங்க.
கதவு தொறந்துச்சு. நாந்தான் மொத வண்டி.
நாலு கஜம் போவல, அச்சு வரைக்கும் சேறு.
உங்க கொளத்து மண்ணு கெட்டிங்க.
அதெ நம்பித்தான் மிதிச்சேன்.
லாரிய அங்கயே உட்டுட்டுக் கரைக்கு நடந்தேன்.
ஒக்கார வேலமரம் ஒண்ணுங்கூட இல்லீங்க."